கத்தரிக்கு வசதியா எடுத்த பாட்டுகள்: லீனா ஹார்ன்

கேள்வி இதுதான்: லீனா ஹார்ன் அவ்ளோ பெரிய ஜாஸ் பாடகி, எம்.ஜி.எம். மாதிரி ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோவுல ஏழு வருஷ காண்ட்ராக்ட்ல இருந்தவங்க, அப்புறம் ஏன் அவங்க நடிச்ச படங்களைத் தேடிப் பார்த்தா ரெண்டு மூணு நிமிஷம் பாடிட்டு காணாம போயிடறாங்க, நடிப்பு வராதா?

நடிப்பு வராம இல்லங்க, நடிக்க விடல. ஆனா இப்படி ஒரே வரியில முடிச்சா விஷயமே போயிடும், ஏன்னா விடலங்கறது எப்படி நடந்துச்சுங்கறதுதான் இதுல சுவாரஸ்யம். யாரும் மூஞ்சிக்கு நேரா "உனக்கு ரோல் கிடையாது"ன்னு சொல்லல. சிரிச்சுக்கிட்டே காண்ட்ராக்ட் குடுத்தாங்க, நல்ல கவுன் போட்டுவிட்டாங்க, நல்ல லைட்டிங் பண்ணாங்க, ஒரு தூண்ல சாய்ஞ்சு நின்னு பாடச் சொன்னாங்க, பாட்டு முடிஞ்சதும் கட். கதையில வர்ற ஆளுங்க யாரோடயும் ரெண்டு வார்த்தை பேசறது இல்ல, அவங்க யாரு, எங்கிருந்து வந்தாங்கன்னும் இல்ல. காரணம், அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல அந்தப் படம் ஓடும்போது பாட்டை மட்டும் வெட்டி எடுத்துடுவாங்க. வெட்டினது படம் பாக்கறவனுக்குத் தெரியவே கூடாது, கதை இடிக்கக் கூடாது, அதுக்கேத்த மாதிரி முன்கூட்டியே ப்ளான் பண்ணி ஷூட் பண்ணாங்க. நம்ம ஊர்ல கடைசி ஷோவுக்கு நேரமாச்சுன்னா ஆபரேட்டர் பாட்டைத் தூக்கிட்டு ஓட்டுவாரே, அது மாதிரிதான், ஆனா இங்க தூக்கறதுக்குக் காரணம் நேரம் இல்ல, தோல் நிறம். தெற்குல மெம்பிஸ் ஊர்ல லாயிட் பின்ஃபோர்டுன்னு ஒரு சென்சார் தலைவர் இருந்தார், கறுப்பினத்தவங்களை வேலைக்காரங்களா இல்லாம சரிசமமா காட்டற சீன் எதுவா இருந்தாலும் அவருக்கு ஆகாது, இஷ்டத்துக்கு வெட்டுவார். ஸ்டூடியோக்காரனுக்கு வடக்கு காசும் வேணும், தெற்கு காசும் வேணும். அதனால லீனாவைக் கழட்டி மாட்டற பாகம் மாதிரி ஆக்கிட்டாங்க. அவங்களே பிற்காலத்துல சொன்னது, தூண்ல குத்தி வெச்ச பட்டாம்பூச்சி மாதிரி இருந்தேன்னு.

இப்போ ஆரம்பத்துல இருந்து வர்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

1917 ஜூன் 30, நியூயார்க் ப்ரூக்ளின்ல பொறந்தாங்க. ஏழைக் குடும்பம்னு நினைச்சுக்காதீங்க, படிச்ச நடுத்தர வர்க்கக் கறுப்பினக் குடும்பம். அப்பா டெடி ஹார்ன் சூதாட்டம், நம்பர் கேம்னு ஒரு மாதிரியான ஆள், லீனாவுக்கு மூணு வயசு இருக்கும்போதே வீட்டை விட்டுப் போயிட்டார். அம்மா எட்னா நாடக நடிகை, ட்ரூப்போட ஊர் ஊரா சுத்தினவங்க. அதனால வளர்த்தது பெரும்பாலும் அப்பாவைப் பெத்த பாட்டி கோரா ஹார்ன்தான். இந்தப் பாட்டி சாதாரண ஆள் இல்ல, என்.ஏ.ஏ.சி.பி. மாதிரி கறுப்பின உரிமை அமைப்புகள்ல தீவிரமா இருந்தவங்க, ரெண்டு வயசுக் குழந்தை லீனாவோட படத்தை அந்த அமைப்பு 1919ல தன்னோட பத்திரிகையில இளம் உறுப்பினர்னு போட்டுச்சு. இந்தப் பாட்டியை மறந்துடாதீங்க, எம்.ஜி.எம். ஆபீஸ்ல லீனா உக்காந்திருந்தப்போ பேசினது பாதி பாட்டியோட வளர்ப்புதான்.

1933ல 16 வயசுல நியூயார்க்லயே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியான ஹார்லெம்ல இருந்த காட்டன் க்ளப்ல கோரஸ் பொண்ணா சேர்ந்தாங்க, வாரத்துக்கு 25 டாலர். மேடையில ஆடறவங்க பாடறவங்க எல்லாரும் கறுப்பினத்தவங்க, உக்காந்து பாக்கறவங்க எல்லாரும் வெள்ளைக்காரங்க, ஆடற பொண்ணோட சொந்த அம்மா அப்பாவே உள்ள வந்து ஒரு டேபிள்ல உக்கார முடியாது. அந்த க்ளப்லதான் அதே 1933ல பாடகி எத்தல் வாட்டர்ஸ் 'ஸ்டார்மி வெதர்' பாட்டை முதல் முதலா பாடினாங்க, ஹரால்ட் ஆர்லென் மெட்டு, டெட் கோலர் வரிகள். பின்னாடி இந்தப் பாட்டு லீனா பேரோடயே ஒட்டிக்கிட்டதும், எத்தல் வாட்டர்ஸ் கடுப்பானதும் வேற கதை, வர்றேன்.

அப்புறம் நோபல் சிசில் ஆர்க்கெஸ்ட்ராவோட டூர், 1937ல பிட்ஸ்பர்க்ல லூயிஸ் ஜோன்ஸ்ன்னு ஒருத்தரோட கல்யாணம், கெய்ல், டெடின்னு ரெண்டு குழந்தைங்க, ஒத்து வரல, பிரிஞ்சாச்சு. நடுவுல 1938ல 'தி ட்யூக் ஈஸ் டாப்ஸ்'ன்னு குறைஞ்ச பட்ஜெட்ல, கறுப்பின ரசிகர்களுக்குன்னே எடுத்த ஒரு படம், அதுதான் முதல் படம். லீனா பெரிய ஆளானதும் அதே படத்தைத் தூசி தட்டி 'தி ப்ரான்ஸ் வீனஸ்'ன்னு பேரை மாத்தி அவங்க பேரைப் பெருசா போட்டு மறுபடி ஓட்டினாங்க.

1940 கடைசியில சார்லி பார்னெட்டோட ஜாஸ் பேண்ட். வெள்ளைக்காரங்க பேண்ட்ல ஒரு கறுப்பினப் பொண்ணு பாடறது அப்போ ரொம்ப அபூர்வம். இன்னொரு கறுப்பினப் பாடகி பில்லி ஹாலிடே அதுக்கு முன்னாடியே ஆர்ட்டி ஷா பேண்ட்ல பாடி, டூர்ல பட்ட அவமானங்களைத் தாங்க முடியாம வெளிய வந்திருந்தாங்க. லீனாவுக்கும் ஹோட்டல்ல ரூம் கிடைக்கறதுல இருந்து எல்லாம் அதே பிரச்சனைதான். தோல் கொஞ்சம் வெளுப்பு, முக அமைப்பும் அப்படி, அதனால "பேசாம ஸ்பானிஷ் பொண்ணுன்னு சொல்லிக்கோயேன்"னு ஐடியா குடுத்தவங்களும் உண்டு. முடியாதுன்னுட்டாங்க.

அங்க இருந்து 1941ல நியூயார்க்ல கஃபே சொசைட்டி. என்னைக் கேட்டா லீனா பாடகியா உருவான இடம் இதுதான். பார்னி ஜோசஃப்சன் நடத்தின க்ளப், நகரத்துல கறுப்பு வெள்ளை ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரலாம்னு வெச்சிருந்த ரொம்பச் சில இடங்கள்ல ஒண்ணு, கறுப்பினத்தவங்களை அடிச்சு மரத்துல தொங்க விட்ட கொடுமையைப் பத்தின 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டை 1939ல பில்லி ஹாலிடே பாடினதும் இங்கதான். பியானோவுல டெடி வில்சன் மாதிரி ஆளுங்க. பாடகரும் நடிகரும் இடதுசாரி உரிமைப் போராளியுமான பால் ராப்சன் வருவார். அவருக்குப் பாட்டி கோராவை ஏற்கெனவே நல்லாத் தெரியும், உன் பாட்டி யாருன்னு தெரியுமா உனக்குன்னு லீனாவை உக்கார வெச்சு அரசியல் பேசுவார். இந்த நட்புக்கு லீனா பின்னாடி பெரிய விலை குடுக்க வேண்டியிருந்துச்சு.

இப்போ ஹாலிவுட். லாஸ் ஏஞ்சலஸ்ல ஒருத்தர் பெரிய நைட் க்ளப் திறக்கறேன், நீங்கதான் ஸ்டார்னு கூப்பிட்டார், கிளம்பிப் போனா பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து போர் ஆரம்பிச்சாச்சு, கட்டடச் சாமான் எதுவும் கிடைக்கல, பெரிய க்ளப் கனவு போய் 'லிட்டில் ட்ராக்'னு சின்ன க்ளப்பா முடிஞ்சுது. ஆனா அந்தச் சின்ன இடம்தான் லீனாவுக்கு வசதியா போச்சுன்னு தோணுது, ஏன்னா அவங்க குரல் பெரிய ஹாலை நிரப்பற குரல் இல்ல அப்போ, பக்கத்துல உக்காந்து முகத்தைப் பாத்துக்கிட்டே கேக்கணும். எம்.ஜி.எம். மியூசிக் டிபார்ட்மெண்ட் ரோஜர் ஈடன்ஸ் அங்க வந்து கேட்டார், நேரா ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் முன்னாடி பாட வெச்சார், அங்க இருந்து பெரிய முதலாளி லூயி பி. மேயர் ரூமுக்கு.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். அப்போ ஹாலிவுட்ல கறுப்பின நடிகைன்னா ஒண்ணு வேலைக்காரி, இல்லன்னா காட்டுவாசி. என்.ஏ.ஏ.சி.பி. தலைவர் வால்டர் வைட் இதை மாத்தணும்னு ஸ்டூடியோக்களோட பேசிக்கிட்டு இருந்த நேரம், லீனா மாதிரி ஒருத்தரை முன்னாடி நிறுத்தினா ஒரு வழி திறக்கும்னு அவர் கணக்கு. சின்ன வயசுல விட்டுட்டுப் போன அப்பா டெடி ஹார்ன் பிட்ஸ்பர்க்ல இருந்து கிளம்பி வந்து, நல்ல சூட் போட்டுக்கிட்டு மேயர் முன்னாடி உக்காந்து, என் பொண்ணுக்கு வேலைக்காரி வேணும்னா நானே சம்பளம் குடுத்து வெப்பேன், அவ போய் எவன் படத்துலயும் வேலைக்காரியா நிக்க வேண்டியதில்லன்னு சொன்னாராம். லீனா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா மேல இருந்த கோபம் கொஞ்சம் கரைஞ்ச மாதிரி இருக்கும். வேலைக்காரி ரோலும் காட்டுவாசி ரோலும் பண்ண மாட்டேன்ங்கற பேச்சோட ஏழு வருஷ காண்ட்ராக்ட் போட்டாங்க.

ஒரு திருத்தம் சொல்லிடறேன். பெரிய ஸ்டூடியோவோட நீண்ட கால காண்ட்ராக்ட் போட்ட முதல் கறுப்பின நடிகை லீனான்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்க, அது சரியில்ல. 1929லயே நீனா மே மெக்கின்னி அதே எம்.ஜி.எம்.ல அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் போட்டாங்க. 'ஹல்லேலூயா' படத்துல கலக்கினவங்க, அப்புறம் ஸ்டூடியோ அவங்களை என்ன பண்றதுன்னு தெரியாம சும்மா உக்கார வெச்சுட்டாங்க. லீனாவை உக்கார வைக்கல, நிக்க வெச்சாங்க, தூண்ல.

அடுத்தது யாரும் எதிர்பார்க்காத பக்கத்துல இருந்து அடி. ஹாலிவுட்ல ஏற்கெனவே வேலைக்காரி, சமையல்காரர், கூலி ரோல்கள்ல நடிச்சு வயித்தைக் கழுவின கறுப்பின நடிகர்கள் ஒரு கூட்டம் போட்டு லீனாவைக் கூப்பிட்டுத் திட்டினாங்க. நியூயார்க்ல இருந்து வந்த நீ இந்த ரோலெல்லாம் கேவலம்னு சொன்னா எங்க பொழைப்பு என்ன ஆகறதுன்னு. அவங்க பக்கமும் நியாயம் இருக்குல்ல? அந்த நேரத்துல லீனாவை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னது யாருன்னா ஹாட்டி மெக்டேனியல், 'கான் வித் த விண்ட்'ல வேலைக்காரியா நடிச்சு ஆஸ்கர் வாங்கின அதே ஹாட்டி. லீனா எந்த ரோலை வேண்டாம்னாங்களோ அதுல பேர் வாங்கினவங்க, எனக்கு ரெண்டு பிள்ளை இருந்தா நானும் யோசிச்சிருப்பேன், நீ உனக்குத் தோணினதைச் செய்யுன்னு சொல்ற அளவுக்குப் பெரிய மனசு. இதெல்லாம் வேண்டாம், நியூயார்க்குக்கே போயிடறேன்னு லீனா கிளம்பினப்போ ஜாஸ் பேண்ட் நடத்தின கவுண்ட் பேஸிங்கறவர்தான் தடுத்தார், நம்ம ஆளுங்களுக்கு இந்த மாதிரி வாய்ப்பு யாரும் குடுத்ததில்ல, உன்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க, போய் நில்லுன்னு.

வீடு இன்னொரு கூத்து. அவங்க குடி இருந்த தெருவுல கறுப்பினத்தவங்க இருக்கக் கூடாதுன்னு அக்கம்பக்கத்துல கையெழுத்து வேட்டை நடத்தினாங்க, எதிர்வீட்டுக்காரர் கையெழுத்துக் கேட்டு வந்தவங்களைத் திட்டி அனுப்பிட்டு, யாராவது தொந்தரவு பண்ணா சொல்லுங்கன்னு லீனாவுக்கு ஆள் விட்டார். அந்த எதிர்வீட்டுக்காரர் ஹாலிவுட் ஸ்டார் ஹம்ஃப்ரி போகார்ட்.

மேக்கப் கதையும் சொல்லணும். டெஸ்ட் எடுத்தப்போ கேமராவுல லீனா ரொம்ப வெளுப்பா தெரியறாங்க, வெள்ளைக்காரின்னு நினைச்சுடுவாங்களேன்னு ஸ்டூடியோவுக்குப் பயம். அதனால மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனியை வெச்சு கறுப்பு கூட்டற மாதிரி ஒரு புது ஷேட் பண்ணாங்க, 'லைட் ஈஜிப்ஷியன்'னு பேர். அப்புறம் நடந்ததுதான் அநியாயம். அந்த மேக்கப்பை எடுத்து வெள்ளைக்கார நடிகைங்க முகத்துல பூசி கலப்பின ரோல்களை அவங்களுக்கே குடுத்துட்டாங்கன்னு லீனா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்காகச் செஞ்ச பொருள், அவங்க வேலையைப் பிடுங்கறதுக்கே உதவியிருக்கு.

படங்களுக்கு வருவோம். முழு ரோல்னு சொல்லிக்கற மாதிரி அந்தக் காலத்துல கிடைச்சது ரெண்டே ரெண்டு, ரெண்டும் 1943, ரெண்டுமே முழுக்கக் கறுப்பின நடிகர்கள் நடிச்ச படங்கள். அதாவது வெட்டணும்னா மொத்தப் படத்தையும்தான் வெட்டணும், அதனால ரோல் குடுக்கறதுல ஆபத்து இல்ல.

முதல் படம் 'கேபின் இன் த ஸ்கை', வின்சென்ட் மினெல்லி இயக்கின முதல் படம், லூயி ஆம்ஸ்ட்ராங், ட்யூக் எலிங்டன்னு ஜாஸ் ஜாம்பவான்கள் எல்லாம் உண்டு, நாயகி எத்தல் வாட்டர்ஸ், அவங்க புருஷனை மயக்கற ஜார்ஜியா ப்ரவுன்ங்கற பொண்ணா லீனா. நடிப்பு வராதுன்னு சொல்றவங்க இதைப் பாக்கணும், குறும்பும் நக்கலுமா எவ்ளோ லேசா பண்ணியிருக்காங்க. செட்ல நிலைமை லேசா இல்ல. எத்தல் வாட்டர்ஸ் பல வருஷம் கஷ்டப்பட்டு மேல வந்தவங்க, தன்னோட பாட்டால பேர் வாங்கற ஒரு சின்னப் பொண்ணை ஸ்டூடியோ தலையில தூக்கி வெச்சு ஆடறதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ரிகர்சல்ல லீனாவுக்குக் கணுக்கால் உடைஞ்சுது, ஷூட்டிங் நடக்கும்போது யாரோ அந்தக் காலுக்கு அடியில வைக்க ஒரு தலகாணி கொண்டு வந்தாங்க, அவ்ளோதான், எத்தல் வெடிச்சுட்டாங்க, ஹாலிவுட் தனக்குப் பண்ணினது எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துட்டாங்க, ஷூட்டிங்கே நின்னு போச்சு. எனக்கு எத்தல் மேல கோபம் வரல, தலகாணிதான் கண்ணுல நிக்குது. அந்த அம்மாவுக்கு யாரும் அந்த மாதிரி ஒரு தலகாணி கொண்டு வந்திருக்க மாட்டாங்க.

இதே படத்துக்கு 'ஏய்ன்ட் இட் த ட்ரூத்'னு ஒரு பாட்டை லீனா நுரை நிறைஞ்ச குளியல் தொட்டியில உக்காந்து பாடற மாதிரி எடுத்தாங்க, அப்புறம் வெட்டிட்டாங்க, கறுப்பினப் பொண்ணு குளிச்சுக்கிட்டே பாடறது ரொம்ப ஓவர்னு நினைச்சிருக்காங்க. இந்தப் பாட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ரெண்டாவது படம் 'ஸ்டார்மி வெதர்', ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்கு எம்.ஜி.எம். லீனாவைக் கடனாக் குடுத்தது. ஜோடி பில் ராபின்சன், பெரிய டேப் டான்ஸர், ஆனா லீனாவை விட 39 வயசு மூத்தவர், பாக்கும்போது தாத்தா பேத்தி மாதிரிதான் இருக்கும், காதல்னு நம்பறது கஷ்டம். கதை ஒரு பொருட்டே இல்ல, ஃபேட்ஸ் வாலர், கேப் கேலவே, நிக்கோலஸ் பிரதர்ஸ் படியில தாவித் தாவி ஆடற அந்த டான்ஸ், இதுக்கெல்லாம்தான் இன்னிக்கும் பாக்கறோம். அந்த டைட்டில் பாட்டைக் கவனமா பாருங்க. ஜன்னல் ஓரமா நிக்கறாங்க, வெளிய காத்தும் மழையும், கேமரா ஜன்னல் வழியா தெருவுக்குப் போயி கேத்தரின் டன்ஹம் குழு ஆடறதைக் காட்டிட்டுத் திரும்ப வருது. லீனா ரொம்ப அழகா, ரொம்பச் சுத்தமா பாடறாங்க, ஒரு சுரம் பிசகல. ஆனா அழுகை இல்ல. போனவன் திரும்பி வரலங்கற பாட்டைப் பாடறவங்க முகத்துல ஒரு கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும். சில பேர் இதைக் குறையா சொல்வாங்க, உணர்ச்சி இல்லன்னு. அவங்களே பின்னாடி விளக்கினாங்க, எதிர்ல உக்காந்திருக்கற வெள்ளைக்காரக் கூட்டத்துக்குப் பாட்டைக் குடுப்பேன், என்னைக் குடுக்க மாட்டேன்ங்கற அர்த்தத்துல. அந்தத் தள்ளி நிக்கற பாவம் ஒரு கவசம், பிறகு அதுவே அவங்க ஸ்டைல் ஆயிடுச்சு.

இந்த ரெண்டையும் விட்டா மத்த படங்களை வேகமா ஓட்டிடலாம், ஏன்னா எல்லாம் ஒரே ஃபார்முலா. 'தௌசண்ட்ஸ் சியர்', 'ஐ டூட் இட்', 'ப்ராட்வே ரிதம்', 'ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்', 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்', வரிசையா வருவாங்க, பாடுவாங்க, போவாங்க. கதையில நடக்க விட்ட ஒரு துளி, 1946ல 'டில் த க்ளவுட்ஸ் ரோல் பை' படத்தோட ஆரம்பத்துல 'ஷோ போட்' நாடகத்துல இருந்து ஒரு பகுதி வருது, அதுல கலப்பினப் பொண்ணு ஜூலியா லீனா. சில நிமிஷம்தான், ஆனா பாத்ததும் இவங்கதான் ஜூலின்னு தோணிடும். 1951ல எம்.ஜி.எம். 'ஷோ போட்'டை முழுப் படமா எடுத்தப்போ ஜூலி ரோல் அவா கார்ட்னருக்குப் போச்சு. கறுப்பு வெள்ளை கலப்புக் காதலைத் திரையில காட்டக் கூடாதுன்னு ஹாலிவுட் ஸ்டூடியோக்களோட தயாரிப்பு விதியிலயே இருந்துச்சு, வெள்ளைக்காரியை நடிக்க வெச்சா பிரச்சனை இல்லையாம். இதுல கொடுமை, அவா பயிற்சி எடுத்துக்கிட்டதே லீனா பாடின ரெக்கார்டைக் கேட்டுத்தான், கடைசியில அவா குரலையும் எடுத்துட்டு அனெட் வாரன்ங்கறவங்க குரலைப் போட்டாங்க. லீனாவும் அவாவும் நல்ல தோழிங்க, அந்த நட்பு கெடலங்கறது மட்டும் ஆறுதல்.

போர் சமயத்துல ராணுவ முகாம்கள்ல பாடப் போனாங்க, கறுப்பின வீரர்களோட பெட்டிங்கள்ல ஒட்டியிருந்தது லீனா படம்தான், வேற யாரை ஒட்டுவாங்க அப்போ. ஒரு முகாம்ல பாத்தா முன் வரிசையில பிடிபட்ட ஜெர்மன் கைதிங்க, அவங்களுக்குப் பின்னாடி சொந்த நாட்டுக் கறுப்பின வீரர்கள். லீனா மேடையை விட்டு இறங்கி, கைதிங்களைத் தாண்டி நடந்து போயி, அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நம்ம ஆளுங்களுக்குப் பாடினாங்க.

1947 டிசம்பர்ல பாரிஸ்ல லென்னி ஹெய்ட்டனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, எம்.ஜி.எம். மியூசிக் டைரக்டர், வெள்ளைக்காரர். கலிஃபோர்னியாவுல அப்போ கலப்புத் திருமணமே சட்டப்படி செல்லாது, அதனாலதான் பாரிஸ், அப்புறமும் 1950 வரைக்கும் வெளிய சொல்லல. கல்யாணத்துக்கு முதல்ல காரணம் காதல் இல்ல, அவரால திறக்க முடியற கதவுகள் எனக்குத் தேவைப்பட்டுச்சுன்னு லீனாவே போட்டு உடைச்சிருக்காங்க, அப்புறம்தான் அன்பு வந்துச்சாம். பாட்டு விஷயத்துல அவர் பெரிய வாத்தியார். இன்னொரு வாத்தியார் இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன், எலிங்டனோட வலது கை, ஓரினச் சேர்க்கையாளர். அவரைத்தான் என் உயிர்த் தோழன்னு கடைசி வரைக்கும் சொன்னாங்க.

1950 ஜூன்ல 'ரெட் சேனல்ஸ்'னு ஒரு சின்னப் புத்தகம் வந்துச்சு, கம்யூனிஸ்ட் தொடர்பு இருக்குன்னு சந்தேகப்பட்ட 151 பேர் லிஸ்ட், அதுல லீனா பேர். பால் ராப்சன் நட்பு, கஃபே சொசைட்டி பழக்கம், உரிமைக் கூட்டங்கள்ல பாடினது, இதெல்லாம்தான் குற்றம். டிவியும் சினிமாவும் சில வருஷம் மூடிக்கிச்சு. 1953ல தொழிற்சங்கத் தலைவர் ராய் ப்ரூவருக்கு நீளமா ஒரு கடிதம் எழுதி, நான் அந்தக் கட்சி இல்லன்னு விளக்கம் குடுக்க வேண்டிய நிலைமை. சில பேருக்கு இது சறுக்கலா தெரியும், ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு பொழைப்பு நடத்தினவங்களைக் கரையில நின்னு குறை சொல்ல எனக்கு வரல.

சினிமா மூடினதால பாட்டுக்கு லாபம், இது என் கட்சி. நைட் க்ளப், ஐரோப்பா டூர்னு பத்து வருஷம் மேடையிலயே கிடந்து குரல் மாறிடுச்சு. 1957ல 'லீனா ஹார்ன் அட் த வால்டார்ஃப் அஸ்டோரியா' ஆல்பம் கேளுங்க, 1943ல ஜன்னல் ஓரம் நின்ன பொண்ணா இதுன்னு இருக்கும். வார்த்தையைப் பல்லுல கடிச்சுத் துப்பற மாதிரி உச்சரிப்பு, ஒரு வரியில கொஞ்சறாங்க, அடுத்த வரியில மிரட்டறாங்க. அவங்க ஜாஸ் பாடகியான்னு ஒரு பழைய சண்டை உண்டு, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுங்கற பாடகி மாதிரி ஸ்காட், அதாவது வார்த்தை இல்லாம வெறும் சத்தங்களை வெச்சே பாடறது கிடையாது, மெட்டைப் பெருசா உடைக்கறதும் கிடையாது, அவங்களே நான் ஜாஸ் பாடகி இல்லன்னு சொன்னவங்க. எனக்கு இந்தச் சண்டையில பெரிய ஆர்வம் இல்ல. தாளத்துக்கு ஒரு இழை பின்னாடி வார்த்தையை வெச்சு அடிக்கற அந்த டைமிங் ஜாஸ் பேண்ட்ல வளர்ந்தவங்களுக்கு மட்டும்தான் வரும், 1995ல வந்த அவங்க லைவ் ஆல்பத்துக்கு கிராமி குடுத்தது ஜாஸ் பிரிவுலதான்.

அதே 1957ல நியூயார்க்கோட நாடக வட்டாரமான ப்ராட்வேல 'ஜமைக்கா' நாடகம், ஐநூறு ஷோவுக்கு மேல ஓடுச்சு, நாடகத்துக்குக் குடுக்கற டோனி விருதுக்கும் பரிந்துரை. அதுல ஒரு பாட்டு 'ஏய்ன்ட் இட் த ட்ரூத்', குளியல் தொட்டியில வெட்டினாங்களே, அதேதான். 14 வருஷம் கழிச்சு தினமும் ராத்திரி மேடையில நின்னு பாடினாங்க, ஓடற நாடகத்துல கத்தரி எங்க போடறது!

1960ல பெவர்லி ஹில்ஸ்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல குடிச்சுட்டு ஒருத்தன் நிறத்தைச் சொல்லித் திட்டினான், லீனா எழுந்து ஆஷ்ட்ரே, கண்ணாடி, டேபிள் விளக்குன்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் அவன் மேல வீசினாங்க. பேப்பர்ல வந்துச்சு, நாடு முழுக்கக் கறுப்பின மக்கள்கிட்ட இருந்து பாராட்டுத் தந்தி. அவங்களே ஆச்சரியப்பட்டாங்களாம், இத்தனை வருஷம் அழகா நின்னு பாடினப்போ வராத நெருக்கம் ஒரு ஆஷ்ட்ரேயில வந்துடுச்சேன்னு. 1963 ஜூன்ல மிஸ்ஸிஸிப்பி ஜாக்சன்ல கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸோட ஒரே கூட்டத்துல நின்னாங்க, சில நாள்ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆகஸ்ட்ல கறுப்பின உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி, மைக் முன்னாடி வந்து "ஃப்ரீடம்!"னு ஒரே ஒரு வார்த்தையை இழுத்துக் கத்திட்டுப் போனாங்க.

சினிமாவுல அதுக்கப்புறம் சொல்ற மாதிரி ரெண்டுதான். 1969ல 'டெத் ஆஃப் எ கன்ஃபைட்டர்', ரிச்சர்ட் விட்மார்க்குக்கு ஜோடியா, நிறத்தைப் பத்தி ஒரு வசனம்கூட இல்லாம சாதாரணமா ஒரு பொம்பளையா வர்றாங்க, 26 வருஷம் லேட்டு. இந்தப் படம் வேற ஒரு காரணத்துக்குப் பிரபலம், ரெண்டு டைரக்டர் மாறி ரெண்டு பேரும் பேர் போட வேண்டாம்னதால 'ஆலன் ஸ்மிதி'ங்கற பொய்ப் பேர் முதல்ல திரையில வந்தது இதுலதான். இன்னொண்ணு 1978ல 'த விஸ்', நல்ல தேவதை க்ளிண்டாவா வந்து டயானா ராஸ்கிட்ட உன்னை நீயே நம்புன்னு பாடுவாங்க, டைரக்டர் சிட்னி லூமெட் அப்போ அவங்க மருமகன். படம் ஊத்திக்கிச்சு, அந்தப் பாட்டு நிக்குது.

நடுவுல 1970, 71ல அப்பா, மகன் டெடி, கணவர் ஹெய்ட்டன்னு மூணு பேரும் ஒன்றரை வருஷத்துக்குள்ள போயிட்டாங்க. ரொம்ப நாள் அவங்களால எழ முடியல. அதுக்கப்புறம் பாடினப்போதான் அந்தக் கண்ணாடி உடைஞ்சுதுன்னு அவங்க பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க.

1981 மே மாசம் நெடர்லாண்டர் தியேட்டர்ல 'லீனா ஹார்ன்: த லேடி அண்ட் ஹர் மியூசிக்' ஆரம்பிச்சாங்க, வயசு 63. மேடையில அவங்களும் பேண்டும் சில டான்ஸர்களும், பாட்டுக்கு நடுவுல ஹாலிவுட் பண்ணின வேலையையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாங்க, 'ஷோ போட்' கதை உட்பட. 333 ஷோ, 1982 ஜூன் 30, அவங்க 65வது பொறந்த நாள்ல முடிச்சாங்க, ஸ்பெஷல் டோனி, கிராமி எல்லாம் வந்துச்சு. 2010 மே 9ல 92 வயசுல இறந்தாங்க, 2022ல ப்ராட்வேல ஒரு தியேட்டருக்கு அவங்க பேர் வெச்சாங்க, அங்க ஒரு கறுப்பினப் பெண் பேர்ல தியேட்டர் வந்தது அதுதான் முதல் தடவை.

நீங்க எங்க ஆரம்பிக்கறதுன்னு கேப்பீங்க. அந்த 1981 ஷோவோட லைவ் ஆல்பத்துல 'ஸ்டார்மி வெதர்' ரெண்டு தடவை வருது. முதல் தடவை சினிமாவுல நின்ன மாதிரி அடக்கமா, அழகா, சுரம் பிசகாம பாடறாங்க, கூட்டமும் ஆசையா கை தட்டுது. ஷோ முடியற நேரத்துல அதே பாட்டை மறுபடி எடுக்கறாங்க, மெதுவா ஆரம்பிச்சு, தொண்டை கிழியற வரைக்கும், நடுவுல குரல் உடையுது, உடைஞ்சதை மறைக்கல, அந்த உடைஞ்ச இடத்துல இருந்தே அடுத்த வரிக்கு ஏறறாங்க. 1943 படத்துல வர்ற அந்த ஜன்னல் சீனை முதல்ல பாத்துட்டு, அப்புறம் லைட்டை அணைச்சுட்டு இந்த ரெண்டாவதைக் கேளுங்க.